படம் நிரூபணமாகுமா?

கேட்கப்பட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கணிதத்திலும் தர்க்கத்திலும் வரையப்படும் படம் வெறும் விளக்க உதவிதானா, அல்லது அதுவே நிரூபணமாக நிற்குமா என்பது முதலாவது. தத்துவ நூல்களில் வரும் வட்டங்களையும் கோடுகளையும் அட்டவணைகளையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது இரண்டாவது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் நிரூபணமாக நிற்கும். ஆனால் அதிலிருந்து எதைப் படித்துக்கொள்ளலாம், எதைப் படித்துக்கொள்ளக் கூடாது என்ற விதி முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்க வேண்டும். விதி இருந்தால் கோணல்மாணலாகக் கிறுக்கிய படம்கூடப் போதும். விதி இல்லாவிட்டால் அச்சடித்ததுபோல் வரைந்த படமும் கைவிட்டுவிடும். "படம் ஏமாற்றும், எழுத்து ஏமாற்றாது" என்று வழக்கமாகச் சொல்வது பாதி உண்மை. சமன்பாடும் தாளில் மேலும் கீழும், இடமும் வலமுமாக அடுக்கப்பட்ட கோடுகள்தான். அடுக்குக்குறியை ஒரு மயிரிழை கீழே இறக்கி எழுதினால் பொருளே மாறிவிடுகிறது. அதை எப்படிப் படிப்பது என்று பள்ளியிலேயே பழகிவிட்டதால் அது படமாக நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிளேட்டோவின் மேனோ உரையாடலிலிருந்து தொடங்குவது நல்லது. கணிதம் படிக்காத ஓர் அடிமைச் சிறுவனிடம் சாக்ரடீஸ் ஒரு சதுரத்தை வரைந்து காட்டுகிறார். பக்கம் 2 அடி, பரப்பு 4 சதுர அடி. பரப்பு இரட்டிப்பாக, அதாவது 8 ஆக, பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்கிறார். சிறுவன் 4 என்கிறான். 4 அடிச் சதுரத்தின் பரப்பு 16. அது தவறு என்று தெரிந்ததும் 3 என்கிறான். அதன் பரப்பு 9. இங்கேதான் சாக்ரடீஸ் கேள்வியை மாற்றுகிறார்: எண்ணிச் சொல்ல விருப்பமில்லை என்றால், எந்தக் கோடு என்று காட்டு. பிறகு நான்கு சிறு சதுரங்கள் சேர்ந்த 16 சதுர அடிச் சதுரத்தில், ஒவ்வொரு சிறு சதுரத்துக்கும் ஒரு மூலைவிட்டம் வரைகிறார். நான்கு மூலைவிட்டங்களும் சேர்ந்து உள்ளே சாய்ந்த சதுரம் ஒன்றை அடைக்கின்றன. அதற்குள் ஒவ்வொரு சிறு சதுரத்திலும் பாதி இருக்கிறது. நான்கு பாதிகள், ஆகவே 8.

இந்தக் காட்சியைப் பிறவிக்கு முந்தைய நினைவு பற்றிய வாதமாகவே பெரும்பாலும் படிக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. தேவையான பக்கம் 8இன் வர்க்கமூலம். அது விகிதமுறா எண், அதாவது முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண். அன்றைய கிரேக்கக் கணக்கில் அதற்கு எண்ணாக ஒரு பெயர் கிடையாது. சிறுவன் முழு எண்களாகத் தேடிக்கொண்டே போயிருந்தால் ஆயுள் முழுக்கத் தேடியிருப்பான். எண்ணால் சொல்ல முடியாத ஒன்றைப் படத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. விடையே கோடாக இருக்கும்போது படத்தை விடைக்கான துணைக்கருவி என்று எப்படிச் சொல்வது?

ஆனால் கிரேக்கர்களின் படங்களில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. யூக்ளிடின் 'மூலகங்கள்' என்ற வடிவியல் நூலில் முதல் தேற்றத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு கோட்டுத்துண்டின் மீது சமபக்க முக்கோணம் அமைக்க வேண்டும். இடது முனையை மையமாகக் கொண்டு வலது முனை வழியாக ஒரு வட்டம். வலது முனையை மையமாகக் கொண்டு இடது முனை வழியாக இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் புள்ளியை இரு முனைகளோடும் இணைத்தால் வேலை முடிந்தது. மூன்று பக்கங்களும் ஒரே நீளம் என்பதை யூக்ளிட் வரிக்கு வரி காரணம் காட்டி நிறுவுகிறார். காரணம் காட்டாமல் விட்டது ஒன்றே ஒன்று: வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் என்பது. அதற்கு எந்த எடுகோளும் இல்லை. படத்தைப் பார்த்தால் தெரிகிறது, அவ்வளவுதான்.

தெரிகிறதே, அப்புறம் என்ன என்று தோன்றும். கோட்டுத்துண்டின் நீளம் 1 என்று வைத்தால், வெட்டும் புள்ளியின் உயரம் 3இன் வர்க்கமூலத்தில் பாதி. அதுவும் விகிதமுறா எண். இப்போது ஆயத்தொலைவுகள் இரண்டும் பின்னங்களாக உள்ள புள்ளிகள் மட்டுமே கொண்ட ஒரு தளத்தைக் கற்பனை செய்யுங்கள். அந்தப் புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக வேண்டுமானாலும் கிடைக்கும். எந்த இரு புள்ளிகளுக்கும் இடையில் இன்னொன்று இருக்கும். கண்ணுக்கு அதற்கும் முழுத் தளத்துக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்த ஒரு புள்ளி அங்கே இல்லை. இரு வட்டங்களும் சந்திக்காமலேயே ஒன்றையொன்று கடந்து போகின்றன. யூக்ளிட் எழுதிவைத்த எடுகோள்கள் எதுவும் இந்தத் தளத்தை விலக்கவில்லை. அதை விலக்க வேண்டுமானால் 'தொடர்ச்சி' என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். கணிதவியலாளர் டெடகிண்ட் அதைத் துல்லியமாகச் சொன்னது 1872இல்.

இடைப்பட்ட காலத்தில் தத்துவவாதிகளைக் குடைந்த கேள்வி வேறு. பலகையில் இருப்பது ஒரே ஒரு முக்கோணம். அதை வைத்து எல்லா முக்கோணங்களையும் பற்றி எப்படிப் பேச முடிகிறது? முக்கோணம் என்ற பொதுக் கருத்து சமபக்கமாகவும் இல்லாமல், இருசமபக்கமாகவும் இல்லாமல், அசமபக்கமாகவும் இல்லாமல், ஆனால் இவை எல்லாமாகவும் இருக்க வேண்டியிருக்கிறது என்று ஜான் லாக் எழுதினார். அப்படி ஒன்றை எவராலும் மனத்தில் கொண்டுவர முடியாது என்று 1710இல் பெர்க்லி அவரைக் கிண்டலடித்தார். பெர்க்லியின் சொந்தத் தீர்வு எளிமையானது, என் பார்வையில் சரியானதும்கூட. வரையப்பட்டது குறிப்பிட்ட ஒரு முக்கோணம்தான். அதில் செங்கோணம் இருக்கலாம். ஆனால் நிரூபணத்தில் எங்கும் செங்கோணம் பற்றிய பேச்சு வராவிட்டால், முடிவு செங்கோணம் இல்லாத முக்கோணத்துக்கும் செல்லும். பொதுத்தன்மை படத்தில் இல்லை. படத்தை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. முதலில் நான் சொன்ன படிக்கும் விதி என்பதன் முதல் வடிவம் இதுதான்.

காண்ட் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனார். முக்கோணம் என்ற கருத்தை ஒரு தத்துவவாதியிடம் கொடுங்கள் என்கிறார். மூன்று கோடுகள், மூன்று கோணங்கள் என்று எவ்வளவு நேரம் பகுத்தாலும் கோணங்களின் கூட்டுத்தொகை அவருக்குக் கிடைக்காது. வடிவியலாளர் உடனே ஒரு முக்கோணம் வரைகிறார், அடிப்பக்கத்தை நீட்டுகிறார், நீட்டிய இடத்தில் உள்ள உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு இழுக்கிறார். மூன்று கோணங்களும் ஒரே நேர்கோட்டின் மீது பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. கவனிக்க வேண்டியது அந்தக் கூடுதல் கோடு. அது முக்கோணத்தின் வரையறைக்குள் எங்கும் இல்லை. யாரோ ஒருவர் வரைந்தால்தான் உண்டு. கணிதம் கருத்தைப் பகுப்பதால் அல்ல, கருத்தைக் கட்டுவதால் வளர்கிறது என்று காண்ட் சொன்னதன் சாரம் அந்த ஒரு கோட்டில் இருக்கிறது. அவர் அதற்கு மேல் எழுப்பிய தூய உள்ளுணர்வுக் கோட்பாடு, அதாவது வெளியின் வடிவம் அனுபவத்துக்கு முன்பே நம் மனத்தில் அமைந்திருக்கிறது என்பது, நிற்கிறதா என்பது தனிக்கதை. யூக்ளிடுக்கு மாற்றான வடிவியல்கள் வந்தபின் அது நன்றாகவே ஆட்டம் கண்டது.

19ஆம் நூற்றாண்டு முழுக்கப் படத்துக்குச் சோதனைக் காலம். எதிர்மறை மதிப்பிலிருந்து நேர்மறை மதிப்புக்குப் போகும் தொடர்ச்சியான சார்பு நடுவில் பூச்சியத்தைத் தொட்டே தீரும் என்பதைப் படம் போட்டுச் சொல்லிவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது. 1817இல் போல்சானோ அதற்குப் படமில்லாத நிரூபணம் தேடினார். 1872இல் வையர்ஸ்ட்ராஸ், எங்கும் தொடர்ச்சியாக இருந்தும் எந்தப் புள்ளியிலும் தொடுகோடு இல்லாத ஒரு வளைவரையை பெர்லின் அறிவியல் கழகத்தில் முன்வைத்தார். அப்படி ஒன்றை எந்தப் பென்சிலாலும் வரைய முடியாது. 1890இல் பியானோ, ஒரு சதுரத்தின் எல்லாப் புள்ளிகளையும் கடந்து செல்லும் தொடர்ச்சியான வளைவரையைக் கொண்டுவந்தார். வரைந்து பார்த்துத் தெரிந்துகொள்வது என்ற பழக்கத்தின் மீதே நம்பிக்கை போய்விட்டது. 1882இல் மொரிட்ஸ் பாஷ் கறாராகச் சொன்னார்: நிரூபணம் படத்தை முழுக்கச் சாராமல் நின்றால்தான் தேற்றம் நிறுவப்பட்டதாகும். 1899இல் ஹில்பர்ட் வடிவியலை அந்தக் கண்டிப்போடு எழுதி முடித்தார். ஹில்பர்ட்டின் அந்த நூலிலும் பக்கத்துக்குப் பக்கம் படங்கள் இருக்கின்றன என்பதைச் சொல்லிவைக்கிறேன். தடைவிதித்தவர்களாலும் படமில்லாமல் இருக்க முடியவில்லை.

பாஷ் சொன்னது அன்றைய நிலைமைக்குச் சரி. அதை எல்லாக் காலத்துக்கும் சட்டமாக்கியதுதான் பிழை. படத்தின் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுகளில் மிகப் பிரபலமானதை விசாரித்தால் இது விளங்கும். 'எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே' என்ற போலி நிரூபணம் அது.

முக்கோணம் கசட. க என்ற உச்சியின் கோணத்தைச் சமமாகப் பிரிக்கும் கோடும், சட என்ற பக்கத்தின் மையக்குத்துக்கோடும் ம என்ற புள்ளியில் சந்திக்கட்டும். மவிலிருந்து கச மீது ஒரு செங்குத்து, அடி ப. கட மீது ஒரு செங்குத்து, அடி வ. ம கோணப் பிரிகோட்டின் மீது இருப்பதால் மப, மவ சமம். கப, கவ சமம். ம மையக்குத்துக்கோட்டின் மீது இருப்பதால் மச, மட சமம். ஆகவே மபச, மவட ஆகிய செங்கோண முக்கோணங்கள் சர்வசமம். பச, வட சமம். கப, பச இரண்டையும் கூட்டினால் கச. கவ, வட இரண்டையும் கூட்டினால் கட. ஆகவே கச, கட சமம். எந்த முக்கோணத்தை எடுத்தாலும் இதே கதை.

ஒவ்வொரு வரியும் சரியாக இருப்பதுபோல் தெரிகிறது. "பார்த்தீர்களா, படத்தை நம்பினால் இதுதான் கதி" என்று இதைக் காட்டுவார்கள். காகிதமும் கவராயமும் எடுத்து, பக்கங்கள் வெளிப்படையாகச் சமமில்லாத ஒரு முக்கோணத்தில் இதை உண்மையாகவே வரைந்து பாருங்கள். ம முக்கோணத்துக்கு உள்ளே விழாது, வெளியே விழும். ப, வ ஆகிய இரண்டு அடிகளில் ஒன்று பக்கத்தின் மீது இருக்கும். மற்றது பக்கத்தை நீட்டிய பகுதியில் இருக்கும். ஒரு பக்கம் கூட்ட வேண்டும், மறுபக்கம் கழிக்க வேண்டும். அங்கேயே வாதம் உடைந்துவிடுகிறது. ஏமாற்றியது படம் அல்ல. வரையாமலேயே வரைந்ததாகக் காட்டிய கை. சொல்லப்போனால், குறியீடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் ஏமாந்தார். ஒழுங்காக வரைந்தவர் தப்பித்தார்.

இதிலிருந்து ஒரு கூர்மையான வேறுபாட்டைக் கணிதத் தத்துவவாதி கென்னத் மாண்டர்ஸ் எடுத்தார். அவருடைய கட்டுரை 1995 முதல் கைப்பிரதியாகச் சுற்றி, 2008இல் அச்சேறியது. யூக்ளிடின் படத்தில் இரண்டு வகைச் செய்திகள் இருக்கின்றன என்றார். இந்தக் கோடும் அந்தக் கோடும் சமம், இந்தக் கோணம் செங்கோணம் என்பன துல்லியம் சார்ந்தவை; கை கொஞ்சம் நடுங்கினாலும் கெட்டுவிடும். இந்தப் புள்ளி அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, இந்தக் கோடு அந்த வட்டத்தை வெட்டுகிறது, இந்தப் பகுதி அதற்குள் அடங்குகிறது என்பன வேறு வகை. படம் சற்று நெளிந்தாலும் மாறாதவை. மூலகங்களைத் திறந்து வரிசையாகப் பார்த்தால், யூக்ளிட் முதல் வகைச் செய்தியைப் படத்திலிருந்து எடுப்பதே இல்லை. சமம் என்று ஒன்றைச் சொன்னால் உரையில் காரணம் சொல்லியே சொல்கிறார். இரண்டாம் வகையைத்தான் படத்திலிருந்து எடுக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த நூல் பெரிய விபத்து இல்லாமல் ஓடியது அதனால்தான். எழுதப்படாத விதி ஒன்று அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. 2009இல் அவிகாட், டீன், மம்மா மூவரும் அந்த விதியை எழுதியே காட்டினார்கள். யூக்ளிடின் வாதமுறையை அப்படியே தழுவி, ஒவ்வொரு அடியும் எழுதிவைத்த விதிப்படியே செல்லும் முறைசார் அமைப்பு ஒன்றைக் கட்டினார்கள். வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் என்பது அதில் வெளிப்படையான விதியாக இடம்பெறுகிறது.

இனி தர்க்கத்துக்கு வருவோம். இங்கே படத்தின் வரலாறு ஐரோப்பாவில் தொடங்குவதாக எழுதுவது வழக்கம். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே பௌத்தத் தர்க்கவியலாளர் திக்நாகர் ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார், ஏதுச் சக்கரம். திபெத்திய மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. ஒரு ஏது, அதாவது காரணம், எப்போது செல்லும் என்பது கேள்வி. முடிவுப் பண்பு, அதாவது நாம் நிறுவ விரும்பும் பண்பு, உள்ள மற்றப் பொருள்கள் சபக்கம். அது இல்லாத பொருள்கள் விபக்கம். மணிமேகலையின் 29ஆம் காதையைப் படித்தவர்களுக்கு இந்தச் சொற்கள் புதிதல்ல. ஏது சபக்கத்தில் முழுக்க இருக்கலாம், அறவே இல்லாமல் இருக்கலாம், சிலவற்றில் மட்டும் இருக்கலாம். விபக்கத்திலும் இதே மூன்று. மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டங்கள். செல்லுபடியாகும் கட்டங்கள் இரண்டே இரண்டு: சபக்கத்தில் முழுக்கவோ சிலவற்றிலோ இருந்து, விபக்கத்தில் அறவே இல்லாமல் இருப்பவை. 'ஒலி நிலையற்றது, ஏனெனில் அது ஆக்கப்படுவது' என்பது முதல் வகை. 'ஒலி நிலையற்றது, ஏனெனில் அது முயற்சியால் எழுவது' என்பது இரண்டாம் வகை; மின்னல் நிலையற்றதுதான், ஆனால் யாருடைய முயற்சியாலும் எழுவதில்லை. சபக்கத்தில் இல்லாமல் விபக்கத்தில் மட்டும் இருப்பவை எதிர்முடிவைத் தருபவை. அவை இரண்டு. மீதி ஐந்தும் எதையும் தீர்மானிக்காதவை.

எனக்குப் பிடித்தது நட்டநடுவில் இருக்கும் ஐந்தாம் கட்டம். சபக்கத்திலும் இல்லை, விபக்கத்திலும் இல்லை. 'ஒலி நிலையானது, ஏனெனில் அது காதால் கேட்கப்படுவது.' காதால் கேட்கப்படுவது ஒலி மட்டுமே. ஒப்பிட வேறு எதுவும் கிடையாது. வாதங்களை உதாரணம் உதாரணமாகச் சேகரித்துக்கொண்டு போகிறவருக்கு இப்படி ஒரு வகை கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகம். அட்டவணை காலியாக ஒரு கட்டத்தை நீட்டி, இங்கே என்ன வைக்கப்போகிறாய் என்று கேட்கிறது. சிந்தனைக்கு விடுபட்டதைச் சுட்டிக்காட்டும் இந்த வேலையை வாக்கியங்களால் இவ்வளவு எளிதில் செய்ய முடியாது.

ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் கோடுகளாலும் வட்டங்களாலும் முக்கூற்று வாதங்களை, அதாவது இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவதைப் பெறும் வாதங்களை, வரைந்து பார்த்தார். அந்தக் கைப்பிரதி வெளிவந்தது 1903இல்தான். பரவலாக்கியவர் ஆய்லர். 1760 முதல் 1762 வரை ஒரு ஜெர்மன் இளவரசிக்கு எழுதிய கடிதங்களில், 'எல்லா மனிதரும் இறப்பவர்' என்பதை வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து விளக்கினார். முடிவை நாம் பெற வேண்டியதே இல்லை. சிறு வட்டத்தைப் பெரிய வட்டத்துக்குள்ளும் அதை இன்னும் பெரியதற்குள்ளும் வரைந்தால் முடிவு இலவசமாக வந்துவிடுகிறது.

இலவசம் என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. நான்கு குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் நான்கு பேர். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் மட்டும் இல்லை, வேறு வேறு ஆள். எந்த மூன்று குழுக்களை எடுத்தாலும் அவற்றுக்குப் பொதுவாக ஓர் ஆள் இருப்பார். நான்குக்கும் பொதுவானவர் எவரும் இல்லை. இதில் எந்த முரண்பாடும் இல்லை. இப்போது இதை நான்கு வட்டங்களாக வரைய முயலுங்கள். முடியாது. எந்த மூன்று வட்டங்களுக்கும் பொதுப் பகுதி இருந்தால், நான்குக்கும் பொதுப் பகுதி இருந்தே தீரும். எட்வர்ட் ஹெல்லியின் தேற்றம் அதைத்தான் சொல்கிறது. தாளின் வடிவியல் தர்க்கத்துக்குள் புகுந்து, யாரும் சொல்லாத ஒரு முடிவை உறுதிப்படுத்திவிடுகிறது. படத்தை வரைந்தவர் 'நான்கிலும் ஒருவர் இருக்கிறார்' என்று நம்பிவிட்டால் அது அவர் யோசித்ததால் அல்ல, தாள் தட்டையாக இருப்பதால்.

1880இல் ஜான் வென் பாதையை மாற்றினார். உறவைப் படத்திலேயே வரையாமல், முதலில் எல்லாச் சேர்க்கைகளுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, காலியான பகுதிகளை நிழலிட்டுக் காட்டினார். மூன்று கணங்களுக்கு 8 பகுதிகள்; மூன்று வட்டங்களில் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. நான்குக்கு 16 வேண்டும். நான்கு வட்டங்களை எப்படி வெட்டினாலும் அதிகபட்சம் 14 பகுதிகள்தான் கிடைக்கும். ஆகவே வென் நான்குக்கு நீள்வட்டங்களைப் பயன்படுத்தினார். பள்ளிப் புத்தகங்களில் மூன்று வட்டங்களோடு படம் நின்றுவிடுவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். 1994இல் சுன்-ஜூ ஷின், வென் படங்களுக்குத் துல்லியமான விதிகள் வகுத்து, அவற்றால் தவறான முடிவு வராது என்றும், சரியான முடிவு எதுவும் விடுபடாது என்றும் நிறுவினார். படம் முறையான நிரூபணமாக முடியாது என்று பேசுவதற்கு அதற்குப் பிறகு இடமில்லை.

ஆனால் இந்தத் துறையில் உச்சத்தைத் தொட்டவர் என்று நான் கருதுவது அமெரிக்கத் தத்துவவாதி சார்ல்ஸ் பியர்ஸை. குறியீட்டுத் தர்க்கத்தின் மூலவர்களில் ஒருவரான அவர், 1896 முதல் அதைவிடச் சிறந்தது என்று சொல்லி வரைபட முறை ஒன்றை வளர்த்தார். தாளே மெய் உலகம். ஒரு கூற்றைத் தாளில் எழுதினால் அதை உறுதிப்படுத்துகிறோம். இரண்டை எழுதினால் இரண்டும் உண்மை. ஒன்றைச் சுற்றி வளையம் போட்டால் அது பொய். அவ்வளவுதான் சொல்வளம். 'க எனில் ச' என்பது 'க இருந்து ச இல்லாமல் இருப்பது கிடையாது' என்பதுதானே. ஆகவே ஒரு பெரிய வளையம், அதற்குள் க, கூடவே ஒரு சிறு வளையம், அதற்குள் ச.

இப்போது தாளில் அந்த வளையமும், அதற்கு வெளியே தனியாகக் கவும் இருக்கட்டும். பியர்ஸின் விதி ஒன்று: வெளியே எழுதியிருப்பதன் நகல் வளையத்துக்குள் இருந்தால் அதை அழிக்கலாம். உள்ளே இருக்கும் கவை அழியுங்கள். பெரிய வளையத்துக்குள் சிறு வளையம், அதற்குள் ச மட்டும் மிஞ்சுகிறது. இன்னொரு விதி: நடுவில் எதுவும் இல்லாத இரட்டை வளையத்தை எடுத்துவிடலாம். எடுங்கள். தாளில் ச நிற்கிறது. முடிவு எங்கிருந்தோ வந்து சேரவில்லை. அழித்து அழித்து அடியிலிருந்து வெளிப்பட்டது. 'எல்லாம்', 'சில' போன்றவற்றுக்கு அவர் கூற்றுகளை இணைக்கும் தடித்த கோடுகளைச் சேர்த்தார். இவற்றின் முழுமையை, அதாவது சரியான முடிவு எதுவும் விடுபடாது என்பதை, 1960களில் ஸீமனும் ராபர்ட்ஸும் நிறுவினார்கள். பியர்ஸ் 1914இலேயே இறந்துவிட்டார். தன் தலைசிறந்த படைப்பு இதுதான் என்ற அவருடைய எண்ணத்தை உயிரோடு இருந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டாயமான முடிவைத் தரும் எந்தச் சிந்தனையும் படச் சிந்தனைதான் என்று பியர்ஸ் சொன்னபோது, இயற்கணிதச் சமன்பாட்டையும் சேர்த்துத்தான் சொன்னார். ஒன்றைக் கட்டுகிறோம், அதன் மீது அனுமதிக்கப்பட்ட மாற்றங்களைச் செய்கிறோம், கட்டும்போது நாம் வைக்காத உறவு ஒன்று புலப்படுகிறது. காண்டின் கூடுதல் கோடு இங்கே திரும்ப வேலைக்கு வருகிறது, தூய உள்ளுணர்வு என்ற பாரம் இல்லாமல். நவீனத் தர்க்கத்தின் தந்தை என்று போற்றப்படும் ஃபிரெகேகூட 1879இல் தன் குறியீட்டை ஒற்றை வரியில் எழுதவில்லை. கிளைகளாகக் கீழ்நோக்கி இறங்கும் இரு பரிமாண உருவமாகத்தான் எழுதினார். அச்சுக்கோப்பவர்களுக்கு அது பெரும் தலைவலி. பிற்காலத்தில் அதை வரியாக்கிவிட்டு, தர்க்கத்துக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டோம். இன்றைய கணிதத்தில் முடிச்சுக் கோட்பாட்டைப் பார்த்தால் போதும். இரண்டு முடிச்சுப் படங்கள் ஒரே முடிச்சைக் குறிக்கின்றனவா என்பதை 1927இல் ரைடமைஸ்டர் காட்டிய மூன்று அசைவுகளால் தீர்மானிக்கிறார்கள். அங்கே கணக்குப் போடுவதே படத்தின் மீதுதான்.

இப்போது இரண்டாவது கேள்வி, தத்துவ நூல்களில் வரும் படங்கள். இவற்றை நான் கணிதப் படங்களைவிடக் குறைவாகவே நம்புகிறேன். மேல்கீழாகப் பெட்டிகளை அடுக்கி அம்புக்குறி போட்டால், அந்த அம்பு காரணத்தைக் குறிக்கிறதா, கால வரிசையையா, தர்க்க விளைவையா என்று பெரும்பாலும் எவரும் சொல்வதில்லை. மேலே இருப்பது உயர்ந்தது என்ற எண்ணமும் ஓசையில்லாமல் உடன் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இருப்பதிலேயே சிறந்த ஒரு படத்தை எடுத்தும் இதைச் சோதிக்கலாம்: பிளேட்டோவின் குடியரசு நூலில், ஆறாம் பகுதியின் இறுதியில் வரும் பிரிக்கப்பட்ட கோடு. ஒரு கோட்டைச் சமமில்லாத இரு பகுதிகளாகப் பிரி என்கிறார் சாக்ரடீஸ். ஒன்று கண்ணால் காணும் உலகம், மற்றது அறிவால் அறியும் உலகம். பிறகு ஒவ்வொன்றையும் அதே விகிதத்தில் மறுபடி பிரி. கீழிருந்து வரிசையாக: நிழல்களும் பிரதிபலிப்புகளும், பொருள்கள், கணிதச் சிந்தனை, இறுதியாக மெய்யறிவு. ஒன்றைவிட அடுத்தது தெளிவில் கூடியது.

கோட்டின் நீளம் 9, விகிதம் இரண்டுக்கு ஒன்று என்று வைத்துப் பிரித்துப் பாருங்கள். முதலில் 6, 3. பிறகு 6 என்பது 4, 2 ஆகிறது. 3 என்பது 2, 1 ஆகிறது. நடுவில் இருக்கும் இரண்டு பகுதிகளும் 2, 2 என்று சமமாகிவிட்டன. வேறு எந்த விகிதத்தை எடுத்தாலும் நடுப்பகுதிகள் சமமாகத்தான் வரும். இயற்கணிதத்தில் இரண்டு வரியில் நிறுவிவிடலாம். ஆக, கண்ணால் காணும் பொருள்களும் கணிதச் சிந்தனையும் ஒரே நீளம். படிப்படியாகத் தெளிவு கூடுகிறது என்ற பேச்சோடு இது மோதுகிறது. பிளேட்டோ இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

உரையாசிரியர்கள் இதில் இரண்டு கட்சி. வடிவியலாளர்கள் கண்ணால் காணும் படங்களையே பயன்படுத்துகிறார்கள், ஆனால் நினைப்பது சதுரம் என்பதையே, இந்த வரைந்த சதுரத்தை அல்ல என்று அதே இடத்தில் பிளேட்டோ எழுதுகிறார். ஆகவே இரண்டு பிரிவுகளும் கையாள்வது அதே பொருள்களை, நோக்கும் விதம்தான் வேறு. சமத்துவம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்பது ஒரு கட்சி. வடிவியல் நன்கு தெரிந்த பிளேட்டோவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்பது அவர்களுடைய வலுவான வாதம். அது உவமையின் கசிவு, அதில் பொருள் தேடக் கூடாது என்பது மறு கட்சி.

நான் மறு கட்சி. பிளேட்டோ உரையில் கொடுத்த கட்டளை விகிதத்தைப் பற்றியது. நிழலுக்கும் பொருளுக்கும் என்ன உறவோ, அதே உறவு காணும் உலகுக்கும் அறியும் உலகுக்கும் இருக்கிறது என்பதைத்தான் கோட்டிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். நீளங்களைத் தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்ற அனுமதி எங்கும் இல்லை. நடுப்பகுதிகளின் சமத்துவத்திலிருந்து ஒரு கோட்பாட்டை எழுப்ப விரும்புகிறவர், அந்த அனுமதி எந்த வரியில் இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும்.